காளான் பத்தி வந்த கடிதங்கள்

போன இதழ்ல மன அழுத்த மாத்திரையை எப்ப நிறுத்தலாம்னு எழுதியிருந்தேன். அதுக்கு வந்த கடிதம், மெயில், வாட்ஸ்அப் எல்லாத்தையும் உக்காந்து பிரிச்சுப் பார்த்தா பாதிப் பேருக்கு மேல வேற ஒண்ணு கேட்டிருக்கீங்க, மேஜிக் மஷ்ரூம், எல்.எஸ்.டி. இதெல்லாம் மனசுக்கு மருந்தாமே, உண்மையா டாக்டர்னு. டாக்டருங்க பாஷைல இதுங்களுக்கு சைக்கடெலிக்னு பேரு. மெல்ல முடியாம முழுங்கவும் முடியாம ரொம்ப நாளா நானும் தள்ளிப் போட்டுக்கிட்டிருந்த விஷயம்தான், இந்த தடவை முழுப் பக்கத்தையும் அதுக்கே ஒதுக்கிட்டேன். கேட்டவங்க பேரை வேணும்னேதான் விட்டிருக்கேன், ஊர் மட்டும் போதும்.

யூடியூப்ல ஒரு பேட்டி பார்த்தேன். ஒரே ஒரு தடவை காளான் சாப்பிட்டா பத்து வருஷ டிப்ரெஷன் போயிடும், அமெரிக்காவுல நிரூபிச்சுட்டாங்கன்னு சொல்றாங்க. நாங்க ஃப்ரெண்ட்ஸ் நாலு பேர் அடுத்த மாசம் கொடைக்கானல் போறோம். அங்க கிடைக்கிறதும் அதே காளான்தானே டாக்டர்? (27 வயது, கோயம்புத்தூர்)

தம்பி, அதே காளான் இல்ல, அந்தப் பேட்டில சொன்னதும் முழுசா சரியில்ல. ரெண்டையும் தனித்தனியா சொல்றேன்.

ஆராய்ச்சி நடக்குது, நல்ல ஆராய்ச்சிதான், அதை நான் குறைச்சு சொல்ல மாட்டேன். 2022ல வந்த ஒரு பெரிய ஆய்வுல, பல மாத்திரை மாத்தியும் கேக்காத டிப்ரெஷன் உள்ள 233 பேரை எடுத்துக்கிட்டு மூணு குழுவா பிரிச்சு, ஒரு குழுவுக்கு 25 மில்லிகிராம் சைலோசைபின் (காளான்ல இருக்கிற அந்த சரக்கோட பேரு அது), இன்னொண்ணுக்கு 10, மூணாவது குழுவுக்கு வெறும் 1 மில்லிகிராம்னு ஒரே ஒரு தடவை குடுத்தாங்க. மூணு வாரம் கழிச்சுப் பார்த்தா 25 வாங்கினவங்கள்ல 37 சதவீதம் பேருக்கு நோய் பாதிக்குப் பாதி குறைஞ்சிருந்துச்சு, 1 மில்லிகிராம்காரங்கள்ல 18 சதவீதம். மாத்திரை எதுக்கும் மசியாத நோய்க்கு இது சின்ன விஷயம் இல்ல. ஆனா 12 வாரம் வரைக்கும் அந்த முன்னேற்றம் நின்னது 20 சதவீதம் பேருக்குத்தான், 1 மில்லிகிராம் குழுவுல 10 சதவீதம். அதிக டோஸ் வாங்கினவங்கள்லயும் சிலருக்கு தற்கொலை எண்ணம் வந்ததா அதே ஆய்வுல பதிவாகியிருக்கு. பேட்டில இதை விட்டுட்டாங்க பாருங்க.

இப்ப கொடைக்கானல். ஆய்வுல குடுத்தது லேப்ல தயார் பண்ணி மில்லிகிராம் கணக்குல எடை போட்ட கேப்ஸ்யூல். உங்க கைல எவனோ குடுக்கப்போறது தேன்ல ஊறப்போட்ட, எந்த இனம்னே தெரியாத, எவ்வளவு சரக்கு இருக்குன்னே தெரியாத ஒரு பிடி காளான். ஒரே மழைல ஒரே புல்வெளில முளைச்ச ரெண்டு காளான்லயே அளவு ஒண்ணா இருக்காது. அதைவிட பயம் என்னன்னா விஷக்காளான். அமனிட்டா குடும்பத்துல சிலது இருக்கு, சாப்பிட்டு ஆறு மணி நேரம், சில சமயம் பன்னெண்டு மணி நேரம் ஒண்ணுமே தெரியாது, அப்புறம் வாந்தி பேதி ஆரம்பிக்கும், ஒரு நாள் அதுவும் நின்னு "சரியாயிடுச்சுப்பா"ன்னு தோணும், மூணாம் நாள் கல்லீரல் போயிருக்கும். ஆஸ்பத்திரிக்கு வரும்போது கண்ணு மஞ்சளா இருக்கும், அப்ப எங்களால செய்ய முடியறது ரொம்ப கம்மி. இதெல்லாம் இல்லாம நல்ல காளானே கிடைச்சாலும், பனி மூட்டத்துல பள்ளம் எது பாதை எதுன்னு தெளிவா இருக்கிறவனுக்கே தெரியாத ஊர்ல, நாலு பேரும் ஒரே நேரத்துல நெனவு தப்பி இருந்தா யார் யாரைப் பிடிக்கிறது? போயிட்டு வாங்க, பில்லர் ராக்ஸ் பாருங்க, இது வேண்டாம்.

எல்.எஸ்.டி. என்றால் ஹிப்பிகள் சமாச்சாரம் என்றே நினைத்திருந்தேன். மருந்து கம்பெனி கண்டுபிடித்தது என்கிறான் பேரன். விளக்கவும். (ஓய்வுபெற்ற ஆசிரியர், திருநெல்வேலி)

பேரன் சொன்னது சரிதான் சார். சுவிட்சர்லாந்துல பாசெல் நகரத்துல சாண்டோஸ் கம்பெனி, அங்க ஆல்பர்ட் ஹாஃப்மன்னு ஒரு கெமிஸ்ட். ரை தானியத்துல எர்காட்னு ஒரு பூஞ்சை வரும் (நம்ம ஊர் கம்புல தேன் ஒழுகல் நோய்னு சொல்றோமே, அதுவும் இந்தக் குடும்பம்தான்), அதுல இருந்து ரத்தப்போக்கை நிறுத்துற மருந்து மாதிரி என்னென்ன எடுக்கலாம்னு வரிசையா செஞ்சு பார்த்துக்கிட்டிருந்தார். 1938ல செஞ்ச இருபத்தஞ்சாவது பொருள்தான் எல்.எஸ்.டி. பெருசா ஒண்ணும் தெரியலன்னு ஓரமா வெச்சுட்டாங்க. அஞ்சு வருஷம் கழிச்சு மறுபடி செய்யும்போது எப்படியோ கொஞ்சம் உடம்புக்குள்ள போய் ஒரு மாதிரி கிறக்கமா இருக்கவும், என்னன்னு பார்க்க 1943 ஏப்ரல் 19ம் தேதி சாயங்காலம் தானே கால் மில்லிகிராம் தண்ணில கலந்து குடிச்சார். ரொம்ப கம்மியான அளவுன்னு நினைச்சுதான் குடிச்சார், ஆனா அது நல்ல அதிகம்.

யுத்த காலம், கார் கிடையாது, உதவியாளரைக் கூட்டிக்கிட்டு சைக்கிள்லயே வீட்டுக்குப் போனார். எவ்வளவு மிதிச்சாலும் சைக்கிள் நகராத மாதிரி இருந்துச்சாம், நெசத்துல வேகமாத்தான் போயிருக்காங்க. வீட்ல மேஜை நாற்காலி எல்லாம் உயிரோட அசையுது, விஷ முறிவுக்குன்னு பக்கத்து வீட்டம்மா பால் கொண்டுவந்து குடுத்தா அந்தம்மா முகம் சூனியக்காரி முகமூடி மாதிரி தெரியுது, எனக்குப் பைத்தியம் பிடிச்சிடுச்சு, நான் செத்துட்டேன்னே நினைச்சிருக்கார். டாக்டர் வந்து பார்த்தா கண்மணி விரிஞ்சிருக்கிறதைத் தவிர உடம்புல ஒரு கோளாறும் இல்ல. மறுநாள் காலைல தோட்டத்துக்கு வந்தப்போ உலகமே இப்பத்தான் புதுசா செஞ்சு வெச்ச மாதிரி பளபளன்னு இருந்துச்சாம். பயத்தோட அடி ஆழமும் இந்த வெளிச்சமும் ஒரே மருந்துல ஒரே ராத்திரில வந்துச்சு, இந்த எண்பது வருஷ ஆராய்ச்சியே அந்த ஒரு ராத்திரியைப் புரிஞ்சுக்கத்தான்னு எனக்குத் தோணும்.

ஒண்ணு சொல்லட்டுமா சார், பிரசவ வார்டுல ரத்தப்போக்குக்கு மெத்தர்ஜின்னு ஊசி போடுவாங்க, நம்ம ஊர் நர்ஸ் யாரைக் கேட்டாலும் தெரியும், அதுவும் அதே ஹாஃப்மன் அதே எர்காட்ல இருந்து உருவாக்கினதுதான். எத்தனை தாய்மாரைக் காப்பாத்தியிருக்கும்!

அப்புறம் கம்பெனியே எல்.எஸ்.டி.யை டெலிசிட்ங்கிற பேர்ல மனநல டாக்டர்களுக்கு அனுப்பி வெச்சுச்சு. கனடாவுல ஹம்ஃப்ரி ஆஸ்மண்டுன்னு ஒரு டாக்டர் குடிநோயாளிகளுக்குக் குடுத்துப் பார்த்தார், சைக்கடெலிக்ங்கிற வார்த்தையே அவர் போட்டதுதான். இன்னொரு பக்கம் அமெரிக்க சி.ஐ.ஏ. 1953ல எம்.கே.அல்ட்ரான்னு ரகசியத் திட்டம் போட்டு, விஷயம் தெரியாத ஆளுங்களுக்கு இதைக் கலந்து குடுத்துப் பார்த்துச்சு. ஒரு மனுஷனுக்கு சொல்லாம அவன் புத்தியைக் கலைக்கிறது, அதுவும் டாக்டருங்க உடந்தையா இருந்து, இந்தத் துறையோட பெரிய பாவம் அது. அதுக்கப்புறம்தான் சார் உங்க ஹிப்பிங்க வர்றாங்க. 1970ல அமெரிக்கா தடை போட்டுச்சு, 1971ல ஐ.நா. ஒப்பந்தம், ஆராய்ச்சி கிட்டத்தட்ட நின்னே போச்சு. மறுபடி சூடு பிடிச்சது 2006ல அமெரிக்காவுல ஜான்ஸ் ஹாப்கின்ஸ் யுனிவர்சிட்டில ரோலண்ட் கிரிஃபித்ஸ் குழு 36 பேருக்கு சைலோசைபின் குடுத்து எழுதின கட்டுரைக்கு அப்புறம்தான். அந்த 36 பேர்ல மூணுல ரெண்டு பங்கு பேர், ரெண்டு மாசம் கழிச்சுக் கேட்டப்பவும், என் வாழ்க்கைல அர்த்தமான அஞ்சு அனுபவத்துல அது ஒண்ணுன்னு சொன்னாங்க. குழந்தை பொறந்தது, அப்பா செத்தது, அதுக்கு சமமா வெச்சு சொன்னாங்க.

எம்.எஸ்சி. சைக்காலஜி படிக்கிறேன். இது மூளைல என்ன பண்ணுதுன்னு சுருக்கமா சொல்ல முடியுமா? சாப்பிட்டவனுக்கே தெரிஞ்சுடுமே, அப்புறம் எப்படி பிளாசிபோ வெச்சு டெஸ்ட் பண்றாங்க? (சென்னை)

ரெண்டாவது கேள்விக்காகவே உங்களுக்கு ஒரு சபாஷ்மா, இந்தத் துறைல இருக்கிறவங்களுக்கே தூக்கம் கெடுக்கிற கேள்வி அது.

முதல்ல மூளை. சைலோசைபின் உடம்புக்குள்ள போய் சைலோசின்னு மாறி, செரோடோனினுக்குன்னு (மூளைல சேதி கடத்தற ஒரு ரசாயனம் அது) இருக்கிற பூட்டுகள்ல 2ஏ-ங்கிற ஒண்ணுல போய் உக்காருது. அந்தப் பூட்டை வேற மருந்தால முன்னாடியே அடைச்சுட்டா காட்சி, மயக்கம் எதுவும் வர்றதில்லன்னு 1998லயே சூரிச்ல காட்டிட்டாங்க. அடுத்து, நாம சும்மா உக்காந்திருக்கும்போது நம்மளைப் பத்தியே யோசிச்சுக்கிட்டிருக்கிற மூளைப் பகுதிகளோட வலைப்பின்னல் ஒண்ணு இருக்கு, டிப்ரெஷன்ல அது செக்குமாடு மாதிரி, நான் உதவாக்கரை, நான் உதவாக்கரைன்னு ஒரே தடத்துல சுத்தும். சைலோசைபின் குடுத்து ஸ்கேன் பண்ணிப் பார்த்தா அந்தப் பகுதிகள்ல வேலை குறையுது, 2012ல லண்டன் இம்பீரியல் காலேஜ் குழு காட்டினாங்க. மாடு ஒரு நாள் செக்கை விட்டு வெளிய வந்து நிக்குதுன்னு வெச்சுக்கோங்களேன். 2021ல அமெரிக்காவோட யேல் யுனிவர்சிட்டில எலிகளுக்கு ஒரு டோஸ் குடுத்துப் பார்த்தப்போ நரம்பு செல் கிளைகள்ல சின்னச் சின்ன முள் மாதிரி இருக்கிற இணைப்புகள் சுமார் 10 சதவீதம் கூடி ஒரு மாசம் வரைக்கும் நின்னுச்சு. எலில பார்த்தது மனுஷனுக்கும் அப்படியேன்னு எழுதிடாதீங்க, பரீட்சைலயும் சரி.

இப்ப பிளாசிபோ, அதாவது ஒப்பிட்டுப் பார்க்கக் குடுக்கிற, மருந்தே இல்லாத சும்மா மாத்திரை. 1962 புனித வெள்ளி அன்னிக்கு பாஸ்டன்ல ஒரு சர்ச் கீழ்த்தளத்துல வால்டர் பான்கேன்னு ஒரு ஆராய்ச்சியாளர் இறையியல் மாணவர்கள் 20 பேரை உக்கார வெச்சு, பத்துப் பேருக்கு சைலோசைபினும் பத்துப் பேருக்கு நயாசினும் குடுத்தார். நயாசின் வைட்டமின்தான், ஆனா மூஞ்சி சூடாகி குப்புன்னு செவக்கும், அதனால நமக்குத்தான் கிடைச்சிருக்குன்னு ஏமாந்துடுவாங்கன்னு கணக்கு. கொஞ்ச நேரம்தான் ஏமாந்தாங்க. அரை மணி நேரத்துல ஒருத்தன் பெஞ்சுல படுத்து கண்ணீர் விடுறான், இன்னொருத்தன் மேல பார்த்துக்கிட்டு கடவுளைப் பத்திப் பேசுறான், மூஞ்சி மட்டும் செவந்தவனுக்கு விஷயம் புரியாமலா போகும்? இன்னிக்கும் அதே சிக்கல்தான். மருந்து கிடைச்சவனுக்கு நம்பிக்கை ஏறுது, கிடைக்காதவனுக்கு, மாசக்கணக்கா எதிர்பார்த்து வந்தவனுக்கு, மனசு உடைஞ்சு போகுது, ரெண்டும் சேர்ந்து வித்தியாசத்தைப் பெருசாக்கிக் காட்டும். ஆய்வுகள்ல வர்ற சதவீதத்தை எல்லாம் அதனால கொஞ்சம் குறைச்சுத்தான் எடுத்துக்கணும். 2021ல இம்பீரியல்லயே 59 பேரை வெச்சு சைலோசைபினையும் எஸ்சிடலோப்ராம்ங்கிற வழக்கமான டிப்ரெஷன் மாத்திரையையும் நேருக்கு நேர் ஒப்பிட்டாங்க, ஆறு வாரத்துல முக்கியமா அளந்த அளவுகோல்ல ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்ல. நம்ம ஆஸ்பத்திரி மருந்துக் கவுண்டர்ல கிடைக்கிற மாத்திரைம்மா அது.

இன்னொண்ணு, அந்தப் புனித வெள்ளி ஆய்வுல ஒருத்தர் நிலை குலைஞ்சு போய் ஊசி போட்டு அடக்க வேண்டியிருந்துச்சு, அதை கட்டுரைல எழுதவே இல்ல, பல வருஷம் கழிச்சு வேற ஒருத்தர் தேடிப் போய் விசாரிச்சப்பத்தான் வெளிய வந்துச்சு. நீங்க ஆராய்ச்சி பண்ணும்போது இதை ஞாபகம் வெச்சுக்கோங்க.

அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய், நாலாவது ஸ்டேஜ். வலிக்கு மருந்து குடுக்கிறாங்க, ஆனா ராத்திரி தூங்குறதில்ல, பயமா இருக்குடின்னு மட்டும் சொல்லிட்டு சுவரைப் பார்த்துக்கிட்டே படுத்திருக்காங்க. சாவு பயத்துக்கு இந்த மருந்து குடுக்கிறாங்கன்னு படிச்சேன். அம்மாவுக்குக் கிடைக்குமா? (தஞ்சாவூர்)

உங்க கடிதத்தை நாலஞ்சு தடவை படிச்சேன்மா. முதல்ல நேரடியா சொல்லிடறேன், கிடைக்காது. இந்தியாவுல சைலோசைபின் சட்டப்படி தடை செஞ்ச பொருள், எந்த ஆஸ்பத்திரிலயும் சிகிச்சைக்குன்னு எழுதிக் குடுக்க முடியாது. யாராவது வாங்கித் தர்றேன்னு சொன்னா தயவுசெஞ்சு நம்பாதீங்க, கீமோ எடுத்துக் களைச்ச உடம்பு அது.

நீங்க படிச்சது உண்மைதான். 2016ல ஹாப்கின்ஸ்ல 51 பேர், நியூயார்க் யுனிவர்சிட்டில 29 பேர், எல்லாரும் புற்றுநோயால பயத்துலயும் சோர்வுலயும் இருந்தவங்க, அவங்களுக்கு சைலோசைபின் குடுத்தாங்க. ஹாப்கின்ஸ்ல ஆறு மாசம் கழிச்சும் பத்துல எட்டுப் பேருக்கு அந்த பயமும் சோர்வும் நல்லாக் குறைஞ்சிருந்துச்சு. அந்த ஆராய்ச்சியை நடத்தின கிரிஃபித்ஸுக்கே அப்புறம் பெருங்குடல்ல புற்றுநோய் முத்தின நிலைல கண்டுபிடிச்சாங்க, 2023 அக்டோபர்ல இறந்துட்டார். கடைசி வரைக்கும் அவர் பேசினது நன்றியுணர்வைப் பத்தி.

ஆனா அந்த ஆய்வு எப்படி நடந்துச்சுன்னு கொஞ்சம் விளக்கமா சொல்லணும், ஏன்னா உங்களுக்கு உதவப்போறது அதுதான். அந்த ரூம் ஆஸ்பத்திரி ரூம் மாதிரி இருக்காது. வீட்டு ஹால் மாதிரி ஒரு சோஃபா, மெத்துனு விளக்கு வெளிச்சம், சுவர்ல படம். மருந்து குடுக்கிறதுக்கு முன்னாடியே பல மணி நேரம், பல நாளா, ரெண்டு பேர் அந்த நோயாளிகிட்ட உக்காந்து அவங்க வாழ்க்கையைக் கேட்டுருவாங்க, யார் மேல கோவம், யாரை விட்டுட்டுப் போறோம்னு கவலை, எல்லாம். மருந்து குடுக்கிற அன்னிக்கு கண்ணைக் கட்டி, காதுல பாட்டு வெச்சுப் படுக்க வெச்சுட்டு, அதே ரெண்டு பேரும் ஆறு மணி நேரத்துக்கு மேல அந்த ரூமை விட்டு நகராம பக்கத்துலயே இருப்பாங்க. அழுதா கையைப் பிடிச்சுக்குவாங்க, பயந்தா, பயத்தை விட்டு ஓடாதீங்க, உள்ள என்ன இருக்குன்னு பாருங்கன்னு சொல்லுவாங்க. மறுநாள் வந்தா மறுபடி உக்காந்து கேப்பாங்க. நான் அரசு ஆஸ்பத்திரி ஓ.பி.ல உக்காந்து ஒரு ஆளுக்கு அஞ்சு நிமிஷம் குடுக்கிற டாக்டர், இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கும். மருந்துக்கு எவ்வளவு, இந்த உக்காந்து கேக்கறதுக்கு எவ்வளவுன்னு இன்னும் யாராலயும் பிரிச்சு சொல்ல முடியல, ஆனா ரெண்டாவதை நம்ம அம்மாவுக்கு இன்னிக்கே குடுக்கலாம்.

பயமா இருக்குன்னு சொன்னா, ஒண்ணும் ஆகாதும்மான்னு உடனே மூடிடாதீங்க. எதை நினைச்சா பயம்மான்னு கேளுங்க. வலிக்கா, மூச்சு முட்டுமோன்னா, தம்பி கல்யாணமா, தனியா போறோமேங்கிறதா? ஒவ்வொண்ணுக்கும் பதில் வேற. மூச்சுக்கும் வலிக்கும் மார்ஃபின் சரியான அளவுல குடுத்தா கேக்கும், மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரில வலி தணிப்பு பிரிவுல கேளுங்க, நடக்க முடியலன்னா மக்களைத் தேடி மருத்துவத்துல வீட்டுக்கே வந்து பார்ப்பாங்க, உங்க ஏரியா ஆரம்ப சுகாதார நிலையத்துல பேரைக் குடுங்க. தூக்கத்துக்கும் பயத்துக்கும் மாத்திரை இருக்கு, இந்த நிலைல பழகிடுமோன்னு யோசிக்கவே வேண்டாம். ராத்திரி விளக்கை முழுசா அணைக்காதீங்க. அவங்களுக்குப் பிடிச்ச பழைய பாட்டை சன்னமா வெச்சுட்டு பக்கத்துல படுத்து கையைப் பிடிச்சுக்கோங்க, பேசணும்னு இல்ல.

பெங்களூர்ல படிக்கிற பையன் ஸ்டாம்ப்னு ஒண்ணு நாக்குல வெச்சுக்கிட்டானாம், ரெண்டு மாசம் ஆகுது. லீவுக்கு வந்தவன் தூங்கறதில்ல, எதிர்வீட்டுக்காரங்க நம்ம பேச்சை ரெக்கார்ட் பண்றாங்கன்னு ஜன்னலை சாத்தறான். என் தம்பிக்கு சின்ன வயசுலயே மனநிலை சரியில்லாமப் போச்சு. டாக்டர்கிட்ட சொன்னா போலீஸ் வருமோன்னு பயம். (சேலம்)

அம்மா, இந்த இதழ் கைக்கு வந்த அன்னிக்கே கூட்டிக்கிட்டுப் போங்க, லீவு முடியட்டும்னு வெயிட் பண்ணாதீங்க. ஸ்டாம்ப்னா எல்.எஸ்.டி. தடவின தாள், அதோட வேகம் எட்டுல இருந்து பன்னெண்டு மணி நேரத்துல இறங்கிடணும். ரெண்டு மாசம் கழிச்சும் தூக்கமில்ல, சந்தேகம்னா அது போதை இல்ல, மனநோய் ஆரம்பிக்குதோன்னு பார்க்கணும். உங்க தம்பி விஷயத்தை டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லுங்க, ரொம்ப முக்கியம். நெருங்கிய சொந்தத்துல ஸ்கிசோஃப்ரினியா மாதிரி நோயோ, பித்தும் சோர்வும் மாறி மாறி வர்ற பைபோலார் நோயோ இருந்தா இந்த ஆய்வுகள்ல அவங்களை சேர்த்துக்கவே மாட்டாங்க, வாசல்லயே திருப்பி அனுப்பிடுவாங்க. அதனாலதான் ஆய்வுல விபரீதம் கம்மியா தெரியுது. ஹாஸ்டல் ரூம்ல அந்தக் கேள்வியைக் கேக்க யாரும் இல்ல.

டாக்டர் போலீஸுக்கு சொல்ல மாட்டார்மா, நோயாளி ரகசியத்தைக் காப்பாத்தறது எங்க கடமை. பையன்கிட்ட, ஏண்டா இப்படிப் பண்ணினேன்னு இப்ப கேக்காதீங்க. எதிர்வீட்டுக்காரங்க ரெக்கார்ட் பண்ணலன்னு வாதாடவும் வேண்டாம், ஆமான்னு ஒத்துக்கவும் வேண்டாம், உனக்குத் தூக்கம் இல்லாம கஷ்டமா இருக்கு, தூக்கத்துக்குப் பார்த்துட்டு வரலாம்பான்னு கூப்பிடுங்க, பெரும்பாலும் வருவாங்க. சீக்கிரம் ஆரம்பிச்சா நல்லா தேறுவாங்க, எத்தனையோ பசங்க திரும்பப் போய் டிகிரி முடிச்சிருக்காங்க. சட்டம் பத்தியும் அவன் தெளிஞ்சப்புறம் சொல்லுங்க: போதைப்பொருள் தடுப்பு சட்டத்துல எல்.எஸ்.டி. வெறும் 0.1 கிராம் இருந்தாலே அது வியாபார அளவு, பத்து வருஷத்துல இருந்து இருபது வருஷம் ஜெயில், அந்தத் தாளோட எடையையும் சேர்த்துக் கணக்குப் பண்ணலாம்னு பாம்பே ஹைகோர்ட் சொல்லியிருக்கு.

மைக்ரோடோசிங்னு தினமும் துளியூண்டு எடுத்தா வேலைல சுறுசுறுப்பு வருமாமே? (திருப்பூர்)

இம்பீரியல் காலேஜ் 2021ல 191 பேரை வெச்சுப் பார்த்துச்சு, எந்த கேப்ஸ்யூல் நிஜம் எது சும்மான்னு அவங்களுக்கே தெரியாத மாதிரி. எல்லாருக்கும் மனசு நல்லா ஆச்சு, சும்மா கேப்ஸ்யூல் முழுங்கினவங்களுக்கும் அதே அளவு நல்லா ஆச்சு. நல்ல தூக்கம் தூங்குங்க சார்.

கஞ்சா, பிரவுன் சுகர் மாதிரி இதுக்கும் அடிமை ஆவாங்களா? (ஈரோடு)

அந்த மாதிரி ஆகறது ரொம்ப அபூர்வம். அடுத்தடுத்த நாள் எடுத்தா வேலையே செய்யாது, உடம்பு அவ்வளவு சீக்கிரம் பழகிடும். ஆபத்து வேற பக்கம் இருக்கு: பயத்துல மாடில இருந்து குதிக்கிறது, ரோட்டுல ஓடுறது, மேல சொன்ன மனநோய், மாசக்கணக்கா கண்ணுல கோடும் ஒளியும் தெரியறது. லித்தியம்ங்கிற மனநல மாத்திரை சாப்பிடுறவங்க இதையும் எடுத்தப்போ வலிப்பு வந்ததா பதிவுகள் இருக்கு. இதுக்கு நேர்மாறா, குடிப்பழக்கத்தை நிறுத்த இது உதவுமான்னும் பார்க்கறாங்க, 2022ல அமெரிக்காவுல குடிநோயாளிகள் 93 பேர்ல சைலோசைபின் வாங்கினவங்க மிதமிஞ்சிக் குடிச்ச நாட்கள் 9.7 சதவீதம், மத்தவங்களுக்கு 23.6. ரெண்டு குழுவுக்கும் 12 வாரம் கவுன்சிலிங் சேர்த்துத்தான் குடுத்தாங்க, அதை மறந்துடக்கூடாது.

பழங்குடி மக்கள் காளானை சாமியா கும்பிட்டாங்களாமே, அவங்களுக்கு ஒண்ணும் ஆகலையே? (மதுரை)

கும்பிட்டாங்க, இன்னிக்கும் கும்பிடறாங்க. மெக்சிகோவுல வஹாகா மலைல வௌட்லான்னு ஊர், மசடெக் மக்கள், அங்க மரியா சபினான்னு ஒரு வைத்தியச்சி. நம்ம ஊர் பூசாரியம்மா மாதிரின்னு வெச்சுக்கோங்க. யாருக்காவது உடம்பு முடியலன்னா, காணாமப் போன பிள்ளையைப் பத்தி சேதி தெரியணும்னா, ராத்திரில மெழுகுவர்த்தி ஏத்தி, சாம்பிராணி மாதிரி கோபல்னு ஒரு பிசின்ல புகை போட்டு, விடிய விடியப் பாடுவாங்க, கூட காளானும். சும்மா ஜாலிக்கு சாப்பிடறது அங்க கிடையாது. 1955ல அமெரிக்க பேங்க் அதிகாரி கார்டன் வாசன், என் மகன் எப்படி இருக்கான்னு கவலையா இருக்குன்னு சொல்லி அந்த சடங்குல உக்காந்தார். அது பொய்தான், அந்தம்மா நம்பினாங்க. 1957ல அமெரிக்காவோட லைஃப் பத்திரிகைல போட்டோவோட எழுதிட்டார், அந்தம்மா பேரை மாத்தித்தான் போட்டிருந்தார், ஆனாலும் இடத்தைக் கண்டுபிடிச்சு வெளிநாட்டுக்காரங்க கூட்டம் கூட்டமா வந்து இறங்கிட்டாங்க. போலீஸ் வந்துச்சு, ஊர் ஜனம் அந்தம்மா மேல கோவப்பட்டு வீட்டைக் கொளுத்துச்சு. வெளியாளுங்க வந்ததுல இருந்து காளானுக்கு சக்தியே போயிடுச்சுன்னு கடைசி காலத்துல சொல்லி வருத்தப்பட்டாங்க, 1985ல ஏழையாவே செத்துப் போனாங்க. இன்னிக்கு இதே சரக்கை வெச்சு கோடிக்கணக்குல பணம் போட்டு கம்பெனி நடத்துறாங்க. அந்த ஊருக்கு என்ன போச்சுன்னு நான் கேக்காம விடறதில்ல, நீங்களும் கேளுங்க.

ஏழு வருஷமா டிப்ரெஷன் மாத்திரை சாப்பிடறேன், மூணு டாக்டர் மாத்தியாச்சு. ஆஸ்திரேலியாவுல இது சட்டப்படி கிடைக்குதுன்னு அங்க இருக்கிற அக்கா சொல்றா. இருக்கிற நகையை வித்துட்டுப் போகலாமான்னு யோசிக்கிறேன். எனக்கு இதுதான் கடைசி நம்பிக்கை. (41 வயது, திருச்சி)

சகோதரி, கடைசி நம்பிக்கைன்னு எழுதின அந்த வார்த்தையை நான் கடந்து போக முடியல. உயிரை விட்டுடலாம்னு எண்ணம் வர்றதா இருந்தா இதை இங்கயே நிறுத்திட்டு 14416க்குப் போன் பண்ணுங்க, டெலி மானஸ், எந்த நேரமும் தமிழ்ல பேசுவாங்க. அப்புறம் மிச்சத்தைப் படிங்க.

அக்கா சொன்னது சரி, 2023 ஜூலை 1ல இருந்து ஆஸ்திரேலியாவுல அனுமதி வாங்கின மனநல டாக்டர்கள் மட்டும் மருந்துக்கு மசியாத டிப்ரெஷனுக்கு சைலோசைபின் குடுக்கலாம். செலவு பத்தாயிரக்கணக்கான டாலர். போட்டுக்கிட்டாலும் கேக்கும்கிற உத்தரவாதம் என்னன்னு மேல கோயம்புத்தூர் தம்பிக்கு எழுதின சதவீதத்தைப் பாருங்க. அமெரிக்காவுல கூட 2024 ஆகஸ்ட்ல, இதே வரிசைல வந்த எம்.டி.எம்.ஏ. மருந்தை பழைய அதிர்ச்சியால வர்ற மனநோய்க்குக் கேட்டப்போ, ஆதாரம் பத்தாது, இன்னொரு ஆய்வு நடத்திட்டு வாங்கன்னு அங்க மருந்துக்கு அனுமதி குடுக்கிற எஃப்.டி.ஏ. திருப்பி அனுப்பிடுச்சு. அந்த மருந்தை வெச்சு முன்னாடி நடந்த ஒரு ஆய்வுல ஒரு நோயாளிகிட்ட சிகிச்சை குடுத்தவங்களே அத்துமீறி நடந்துக்கிட்டதும் வெளிய வந்துச்சு. மனசு முழுசா திறந்து கிடக்கிற நேரத்துல யார் பக்கத்துல இருக்காங்கங்கிறது அவ்வளவு முக்கியம்.

நகையை விக்காதீங்க. ஏழு வருஷம்னு எழுதியிருக்கீங்க, ஆனா என்ன மாத்திரை, எவ்வளவு நாள்னு எழுதல. என் ஓ.பி.ல ஒரு டீச்சர், எட்டு வருஷ டிப்ரெஷன்னு வந்தாங்க, பழைய சீட்டு எல்லாத்தையும் தரைல பரப்பி வெச்சுப் பார்த்தா எட்டு வருஷத்துல ஒரு மாத்திரை கூட முழு டோஸ்ல ஆறு வாரம் தொடர்ந்து சாப்பிட்டதே இல்ல. கொஞ்சம் தேறினதும் நிறுத்தறது, தூக்கம் வருதுன்னு பாதியாக்கறது, வேற டாக்டர் வேற மாத்திரை. தைராய்டும் பார்த்ததில்ல, பார்த்தா அதுவும் இருந்துச்சு. அவங்களை நான் குறை சொல்லல, இதை அவங்களுக்கு சொல்ல எட்டு வருஷத்துல எங்கள்ல ஒருத்தருக்கும் நேரம் இல்லாமப் போச்சு.

நீங்களும் அப்படித்தான்னு சொல்ல வரல. எல்லாம் ஒழுங்கா செஞ்சும் கேக்காதவங்க இருக்காங்க, அவங்களுக்கு லித்தியம் சேர்க்கறது இருக்கு, மயக்கம் குடுத்து செய்யற மின் அதிர்வு சிகிச்சை இருக்கு (சினிமால காட்டற மாதிரி இல்லம்மா, நோயாளி தூங்கிக்கிட்டிருப்பாங்க), கெட்டமின் ஊசி சில பெரிய ஆஸ்பத்திரில குடுக்கறாங்க. எதுவும் தீர்ந்து போகல. வர்ற வாரம் ஒரு நோட்டுல மாத்திரை பேரு, எத்தனை மில்லிகிராம், எந்த மாசத்துல இருந்து எந்த மாசம் வரைக்கும், எதனால நிறுத்தினீங்கன்னு வரிசையா எழுதுங்க, ஞாபகம் இல்லாததை வீட்ல கேட்டு நிரப்புங்க. டி.எஸ்.ஹெச். (தைராய்டுக்கு), பி12, ஹீமோகுளோபின் டெஸ்ட் எடுத்துக்கோங்க. இப்ப சாப்பிடற மாத்திரையை ஒரு நாள் கூட நிறுத்தாதீங்க. அந்த நோட்டையும் ரிப்போர்ட்டையும் ஜெராக்ஸ் எடுத்து இந்தப் பத்திரிகை விலாசத்துக்கு என் பேருக்கு அனுப்புங்க, கவர் மேல திருச்சின்னு பெருசா எழுதுங்க, நான் எடுத்துப் பார்க்கறேன்.